மகள் நடத்தி வைத்த எண்பதாம் கல்யாணம்

அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று பேச்செடுத்தாலே நம் பக்கம் முதலில் கேட்பது, "திருக்கடையூரா, வீட்டுலயா?" என்றுதான். அடுத்தது, யார் நடத்தி வைப்பது? 2022இல் அப்பாவுக்கு எண்பது நிறைந்தபோது முதல் கேள்வி எங்கள் வீட்டில் எழவே இல்லை. அப்பா அருப்புக்கோட்டைத் தறிக்காரர், கறுப்புச்சட்டைக்காரர். இரண்டாவது கேள்விதான் இழுத்தது. இயக்கத் தோழர், ஓய்வுபெற்ற பேராசிரியர் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா என்னைப் பார்த்தார். "நீயே நடத்தி வையும்மா. எங்களப் பத்தி அவுகளுக்கு என்ன தெரியும்?"

அம்மாவுக்குத்தான் தயக்கம். "பெத்த மக நின்னு நடத்துனா ஊரு என்ன சொல்லும்?"

ஊர் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எங்கள் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் 1928இலேயே புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் பெரியார் தலைமையில் திருமணம் நடந்துவிட்டது. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இப்படி நடந்த திருமணங்களுக்கு வெகுகாலம் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் இப்படி மணம் முடித்த 1966இல் அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லாது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967இல், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உறவினர், நண்பர் அல்லது வேறு எவர் முன்னிலையிலாவது, இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். அதற்கு முன்பு இதே முறையில் நடந்தவையும் செல்லும். அந்தச் செய்தி வந்த பிறகுதான் தாத்தா நிம்மதியாகத் தூங்கினார் என்று அம்மா சொல்வார்.

முதல் கல்யாணத்துக்கே இவ்வளவுதான் சட்டம் கேட்கிறது. ஏற்கெனவே மணமானவர்கள் மறுபடி உறுதி சொல்வதற்குச் சட்டம் எதையுமே கேட்பதில்லை. மகள், பேரன், பால்ய சிநேகிதர் என யார் வேண்டுமானாலும் நடத்தலாம். சமயச் சடங்கோடு செய்கிறவர்களுக்கும் இதில் இடமுண்டு. திருக்கடையூரில் ஹோமம் வளர்ப்பது குருக்கள் என்றாலும், பெற்றவர்கள் தலையில் கலச நீரை ஊற்றுவது பிள்ளைகளும் உறவினர்களும்தான். கத்தோலிக்கக் குடும்பத்தில் மகன் குருவானவராக இருந்தால், பெற்றோரின் பொன்விழாத் திருப்பலியை அவரே நிறைவேற்றுவதுண்டு.

நடத்துகிறவருக்கு முக்கியமான வேலை மேடைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியாக உட்கார வைத்து, என்ன சொல்ல ஆசை என்று கேட்டேன். அம்மா சொன்னது எனக்கு அதுவரை தெரியாது. 1966இல் அவருக்கு எழுத்து தெரியாது. தலைமை தாங்கியவர் வாசிக்க, அம்மா திருப்பிச் சொன்னாராம். "நான் சொன்னது எனக்கே கேக்கல. இந்தத் தடவ நானா சொல்லணும்" என்றார். அதனால் அச்சடித்த உறுதிமொழியை ஒதுக்கிவிட்டோம். நான் இரண்டு கேள்வி கேட்பது, அவர்கள் தங்கள் வாயால் பதில் சொல்வது என்று முடிவாயிற்று. என்ன பதில் என்பதை ஒருவருக்கொருவர் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் நாற்காலி வேண்டும். வயதானவர்களை நிற்க வைக்காதீர்கள். மைக்கைப் பேரப்பிள்ளை பிடிக்கட்டும். வாழ்த்துரைகளை உறுதிமொழிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வைத்தால், அவர்கள் முறை வரும்போது பெரியவர்கள் களைத்துப்போயிருப்பார்கள். நடத்துகிறவருக்குத் தொண்டை அடைத்துவிடலாம். கேள்வித்தாளின் நகல் இன்னொருவர் கையில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அது தம்பியிடம் இருந்தது, தேவையும்பட்டது.

"இத்தனை வருஷத்தில் எதற்காக இவருக்கு நன்றி சொல்வீர்கள்? இனி என்ன கேட்பீர்கள்?" இவைதான் நான் கேட்டவை. அம்மா மைக்கை வாங்கித் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். "என்னக் கேக்காம இவுக எதையும் வித்ததில்ல. தறிய வித்தப்பக்கூட கேட்டுட்டுத்தான் வித்தாக. இனியும் கேக்கணும்." மண்டபம் கைதட்டியது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேக்குறேன். ராத்திரி மாத்திரய எடுத்துக் குடுக்குறது இனிமே என் பொறுப்பு" என்றார். மாலை மாற்றிக்கொண்டார்கள். தறி விற்ற வருஷம் எங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்பது தெரிந்த ஒருத்தி கேட்டதால்தான் அந்தப் பதில் வந்தது என்று நான் நம்புகிறேன். எவ்வளவு பெரிய பேச்சாளரை அழைத்திருந்தாலும் திருக்குறளும் பாராட்டுமாக முடிந்திருக்கும்.

உங்கள் வீட்டிலும் அறுபதோ எழுபதோ எண்பதோ நெருங்குகிறதென்றால், மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பெரியவர்கள் இருவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: யார் நடத்தி வைத்தால் உங்களுக்குச் சந்தோஷம்? அவர்கள் சொல்கிற பெயர் உங்களுடையதாக இருந்தால் மறுக்காதீர்கள்.