புறம்போக்கில் ஓடும் எலி

“மாமா, இந்த மவுசுக்குப் பேய் பிடிச்சிருக்கு” என்று ஒரு மத்தியான நேரத்தில் போன் செய்தான் தங்கை மகன். திருமயத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவன். அம்புக்குறி பாதி வழியில் நின்றுவிடுகிறதாம். மூன்று விநாடி கழித்துத் திரையின் வேறு மூலையில் போய் முளைக்கிறதாம். அதுவும் டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்தை முடித்து ‘சமர்ப்பி’யை அழுத்தப் போகும் நேரமாகப் பார்த்துச் செத்துப்போகிறதாம். வரிசையில் நிற்பவர்கள் மவுசைத் திட்டுவதில்லை, இவனைத்தான் திட்டுகிறார்கள்.

அதற்குள் அவன் பார்க்காத வைத்தியம் இல்லை. பேட்டரி மாற்றினான். மேசையில் தட்டினான். அடியில் ஊதினான். கடைசியில் வேறு கம்பெனியின் வயர்லெஸ் மவுஸ் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்தான். இரண்டு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு அதுவும் அதே கூத்தை ஆரம்பித்தது.

“எப்பவெல்லாம்டா சிக்குது?”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “முகூர்த்தம் முடிஞ்ச மறுநாள் மாமா. கல்யாண சீசன்ல ரொம்ப மோசம்.”

சிரிப்பு வந்தது. ஆனால் துப்பு அதில்தான் இருந்தது.

சனிக்கிழமை போனேன். முதல் வேலையாக மவுசையும் அதன் ரிசீவரையும் (சுண்டுவிரல் நகம் அளவு இருக்குமே, யு.எஸ்.பி. துளையில் செருகுவது) கழற்றி, பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த அவனுடைய பழைய லேப்டாப்பில் மாட்டினோம். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். ஒரு சிக்கல் இல்லை. ஆக, மவுஸ் நலம், ரிசீவரும் நலம். நோய் அறையில் இருக்கிறது.

அறையைப் பார்த்தேன். இரும்பு மேசை. மேசைக்கு அடியில் தரையோடு தரையாகக் கம்ப்யூட்டர் பெட்டி. அதன் முகப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீலநிறத் துளைகள். ஒன்றில் மவுசின் ரிசீவர். இரண்டு விரற்கடை தள்ளி மற்றொன்றில் ஒரு போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க். பக்கத்து போட்டோ ஸ்டூடியோக்காரர் கல்யாண வீடியோக்களை அதில்தான் கொண்டுவந்து காப்பி போடச் சொல்வாராம். ஒரு கல்யாணத்துக்கு முந்நூறு, நானூறு ஜி.பி. தேறும்.

டிஸ்க்கைக் கழற்றினோம், மவுஸ் பட்டாய் ஓடியது. மாட்டிக் காப்பி போட்டோம், சிக்கியது. நாலு முறை செய்து பார்த்தோம். நாலு முறையும் அப்படியே.

இதற்கு விளக்கம் சொல்ல, முதலில் காற்றில் இருக்கும் ஒரு புறம்போக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரேடியோ அலைவரிசைகளும் நிலம் மாதிரிதான். பெரும்பகுதி பட்டா நிலம். செல்போன் கம்பெனிகள் ஏலத்தில் எடுத்தவை, விமானத்துக்கு ஒதுக்கியவை, போலீசுக்கு, ராணுவத்துக்கு, வானொலிக்கு என எல்லாவற்றுக்கும் உரிமையாளர் உண்டு. 2022-இல் 5ஜி-க்காக நடந்த ஏலத்தில் மட்டும் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு அலைவரிசை விலைபோனது. இந்தப் பட்டா நிலங்களுக்கு நடுவே ஒரு மேய்ச்சல் புறம்போக்கு கிடக்கிறது: 2400 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 2483.5 வரை, வெறும் 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம். இந்தியாவில் குறைந்த சக்திக் கருவிகள் உரிமம் இல்லாமல் இதில் இயங்கலாம் என்று 2005 ஜனவரியில் மத்திய அரசு விதி வெளியிட்டது. அந்த விதியில் ஒரு நிபந்தனை உண்டு. இங்கே மேய்கிறவர் அடுத்தவருக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. அடுத்தவரால் தனக்கு இடைஞ்சல் என்றால் பாதுகாப்பு கேட்டுப் போகவும் முடியாது. புறம்போக்கில் ஆட்டை விட்டவன் தாசில்தாரிடம் என்ன மனு கொடுப்பான்?

இந்த நிலத்துக்கு முதலில் வந்தது தகவல் தொடர்பு இல்லை, அடுப்பு. 1947-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய உலக வானொலி மாநாடு, தொழிற்சாலை, ஆய்வகம், மருத்துவமனைக் கருவிகள் சூடாக்கவும் பிற வேலைக்கும் பயன்படுத்தட்டும் என்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. அதில் இதுவும் ஒன்று. மைக்ரோவேவ் அடுப்பு 2450 மெகாஹெர்ட்ஸில் கொதிப்பது அதனால்தான். தண்ணீர் மூலக்கூறு சரியாக அந்த எண்ணில்தான் அதிரும் என்று பலர் எழுதுவது தவறு. தண்ணீர் இதைவிடப் பல மடங்கு உயர்ந்த அதிர்வெண்களில்தான் மிக அதிகமாக அலையை உறிஞ்சும். இரைச்சல் மிகுந்த இடம் என்று மற்றவர்கள் ஒதுக்கிய அந்தப் பொட்டலில் பின்னாளில் வைஃபை குடியேறியது, புளூடூத் வந்தது, பொம்மை ஹெலிகாப்டர் வந்தது. கடைசியாக எலியும் வந்தது.

அதற்கு முன் வயர்லெஸ் மவுசும் கீபோர்டும் பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸில் இருந்தன. அங்கே வேறு வகைத் தொல்லை. 2002-இல் நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் ஒருவர் தன் வீட்டுக் கீபோர்டில் அடித்த எழுத்துகள், சுமார் 150 மீட்டர் தள்ளியிருந்த வேறொருவர் வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் தோன்றின. இன்றைய மவுசுக்கு அந்தக் கவலை குறைவு. ஒவ்வொரு ரிசீவரும் தன் மவுசின் முகவரியைத் தெரிந்து வைத்திருக்கிறது.

மவுஸ் என்ன செய்கிறது? அடியில் இருக்கும் குட்டிக் கேமரா மேசைப் பரப்பை விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படம் பிடித்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணக்கைச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டி, சாதாரண மவுஸ் என்றால் விநாடிக்கு 125 வரை, காற்றில் வீசுகிறது. ரிசீவர் வாங்கிக்கொண்டு ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லும். பதில் வராவிட்டால் மவுஸ் மறுபடி வீசும். அப்படியும் பதில் இல்லையென்றால் புறம்போக்கின் வேறு மூலைக்கு இடம் மாறிக் கூப்பிட்டுப் பார்க்கும். இத்தனையும் கண் இமைப்பதற்குள் நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. தொடர்ந்து பல பொட்டலங்கள் காணாமல் போனால்தான் அம்புக்குறி நிற்கிறது.

இந்த வீச்சின் சக்தி ஒரு மில்லிவாட் அளவுக்குத்தான் இருக்கும். வீட்டு வைஃபை ரவுட்டர் அதைப்போல நூறு மடங்கு வரை போடும். அந்த ஒரு மில்லிவாட்டும் ஒரு மீட்டர் கடந்து ரிசீவருக்குப் போய்ச் சேரும்போது பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நடுவில் தண்ணீர் நிறைந்த நம் தொடையோ இரும்பு மேசையின் தகடோ இருந்தால் அதுவும் மிஞ்சாது. ஆனாலும் ரிசீவரின் காது கூர்மையானது. இதைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய ஒலியையும் பிடித்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை, பக்கத்தில் யாரும் கத்தக் கூடாது.

நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு இது புரியும். குழாய் கட்டிய கம்பத்துக்கு அடியில் நின்றுகொண்டு பக்கத்து ஆளிடம் பேச முடியாது. பேசுகிறவர் தொண்டையில் கோளாறு இல்லை, கேட்பவர் காதிலும் இல்லை. இரைச்சல் பேச்சுக்கு மேலே ஏறிவிட்டது, அவ்வளவுதான். பத்தடி தள்ளிப் போனால் அதே குரல் கேட்கும்.

இங்கே குழாய் ஒலிபெருக்கி எது? அந்த நீலத் துளை.

2008-இல் அறிவிக்கப்பட்ட யு.எஸ்.பி. 3.0 விநாடிக்கு 500 கோடி பிட் வேகத்தில் தகவலைத் தள்ளும். ஒன்று, பூச்சியம், ஒன்று, பூச்சியம் என்று மாறி மாறிப் போனால் இரண்டு பிட் சேர்ந்து ஓர் அலை ஆகும். 500 கோடியில் பாதி 250 கோடி, அதாவது 2.5 கிகாஹெர்ட்ஸ். நம் புறம்போக்குக்குப் பக்கத்து வேலி. உண்மையில் பிட்டுகள் அப்படிச் சீராகப் போவதில்லை. கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு மாதிரிதான் அனுப்புகிறார்கள். அதனால் இரைச்சல் ஓரிடத்தில் குவியாமல் அகலமாகப் பரந்து புறம்போக்கு முழுவதையும் மூடிவிடுகிறது. மவுஸ் எந்த மூலைக்கு ஓடினாலும் அங்கேயும் அதே சத்தம். துளையின் இடுக்கு, கேபிளின் முனை, டிஸ்க்கின் உறை என்று உலோகக் கவசம் சரியாக மூடாத இடத்தில் எல்லாம் இது கசியும்.

இது ஏதோ மலிவு டிஸ்க்கின் குறை என்று நினைக்க வேண்டாம். யு.எஸ்.பி.யை உருவாக்கியவர்களில் ஒருவரான இன்டெல் நிறுவனமே 2012 ஏப்ரலில் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. யு.எஸ்.பி. 3.0 டிஸ்க்கை மாட்டும்போது அருகே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் 20 டெசிபெல் அளவுக்கு உயரக்கூடும் என்று அளந்து சொன்னார்கள். 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு. வடிகட்டவும் வழியில்லை, கேட்க வேண்டிய குரலும் இரைச்சலும் ஒரே அலைவரிசையில் இருக்கும்போது எதை வடிகட்டுவது? துளைக்கும் கேபிளுக்கும் நல்ல கவசம் போடுங்கள், ரிசீவரைத் தள்ளி வையுங்கள் என்பதே அவர்களும் சொன்ன வழி.

அந்த நூறு மடங்கை எப்படி இறக்குவது? தொலைவு இரண்டு மடங்கானால் சக்தி நாலில் ஒன்று, பத்து மடங்கானால் நூறில் ஒன்று. இவ்வளவு கிட்டத்தில் இந்தக் கணக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தாது, தோராயத்துக்குப் போதும். இரண்டரை சென்டிமீட்டரில் இருக்கும் ரிசீவரை இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு, அதாவது ஒரு சாண் தூரத்துக்கு, நகர்த்தினால் கதை முடிந்தது.

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் நூறு ரூபாய்க்குள் ஒரு யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள் கிடைத்தது. நீலமுனை இல்லாத பழைய 2.0 வகையே போதும். மவுசுக்கு வேகம் தேவையில்லை. பெட்டியின் பின்பக்கத்துக் கறுப்புத் துளையில் செருகி, கேபிளை மேலே ஏற்றி, ரிசீவரை மேசைமேல் மானிட்டர் காலுக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினோம். மவுசுக்கும் அதற்கும் நடுவில் இப்போது தகடும் இல்லை, தொடையும் இல்லை. டிஸ்க்கில் கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது. அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போனது.

முதியோர் உதவித்தொகை மனு போட வந்திருந்த ஓர் அப்பத்தா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “வயர் இல்லாததுன்னுதானப்பா வாங்குன? அதுக்கு எதுக்கு வயரு?” என்றார். மருமகன் என்னைப் பார்த்தான். நான் கேபிளைப் பார்த்தேன்.

எல்லா மவுசுக்கும் நோய் இதுவே என்று சொல்ல மாட்டேன். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் பேட்டரி ஸ்பிரிங் துருப்பிடித்துவிடும். மவுஸ் சமிக்ஞை வீசும் கணத்தில் சட்டென்று கொஞ்சம் மின்சாரம் அதிகம் கேட்கும். துருப்பிடித்த முனை கொடுக்காது. மின்னழுத்தம் சரிந்து சில்லு மயங்கி எழும். ஆல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது காரம். பட்ஸில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் நுரைத்துப் போய்விடும்; பிறகு நன்றாக ஈரம் உலர வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பது நாலு நாள் வைத்தியம். சும்மா விட்டுவிட்டுத் திரும்ப எடுக்கும்போது மட்டும் மவுஸ் தூங்கினால், கம்ப்யூட்டர் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது என்று பொருள்: டிவைஸ் மேனேஜரில் யு.எஸ்.பி. ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்டில் இருக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும். கண்ணாடி மேசையில் தடுமாறினால் அது தொடர்புக் கோளாறே இல்லை, கேமராவுக்குப் பிடிக்க ஒரு சொரசொரப்பும் கிடைக்கவில்லை. பேப்பர் ஒன்றை விரியுங்கள்.

இன்னொரு வேடிக்கை. மவுஸ் வீசும் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், அரைச் சாண். நேராக வரும் அலையும் இரும்பு பீரோவில் பட்டுத் திரும்பி வரும் அலையும் பாதி நீளம் முன்பின்னாகச் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால்தான் ரிசீவரை மூன்று விரற்கடை நகர்த்தியதும் சில நேரம் எல்லாம் தானாகச் சரியாகிவிடுகிறது. பேய் ஓட்டினேன் என்று சொல்லிக்கொள்ள நல்ல வாய்ப்பு.

போன வாரம் மருமகன் மறுபடி போன் செய்தான். மவுஸ் நன்றாக இருக்கிறது, சாயங்காலம் நாலு மணிக்கு மட்டும் லேசாக ஒரு திக்கல் என்றான். நாலு மணிக்கு அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கரி. பள்ளிக்கூடம் விடும் நேரம், பப்ஸைச் சூடு பண்ண மைக்ரோவேவ் அடுப்பை வரிசையாகப் போடுவார்கள். அதன் கதவிடுக்கில் கசிவது கொஞ்சம்தான், ஆனால் எலியின் ஒரு மில்லிவாட்டுக்கு முன்னால் அது பெரிய ஆள். சாதாரண அடுப்பு நம் மின்சாரத்தின் தாளத்துக்கு, விநாடிக்கு 50 தடவை, எரிந்து எரிந்து அணைகிறது. அணைந்திருக்கும் அந்த நூறில் ஒரு விநாடிக்குள் மவுஸ் தன் பொட்டலத்தை நுழைத்துவிடப் பார்க்கிறது. பெரும்பாலும் நுழைத்தும்விடுகிறது.

“அதுக்கு என்ன மாமா பண்றது?”

“நீ என்ன பண்ற அந்த நேரத்துல?”

“நானும் பேக்கரிக்குத்தான் போறேன். சூடா பப்ஸ் வரும்ல.”