நெடுநாள் நின்ற மோட்டார் சைக்கிள்: என்ஜினைப் பிரிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

பால் கேனையும் உர மூட்டையையும் சுமந்து வந்த வண்டி, ஏதோ ஒரு காரணத்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ மாட்டுக் கொட்டகை மூலையில் நின்றுவிடுகிறது. மறுபடி தேவைப்படும்போது கிக்கரை எத்தனை முறை உதைத்தாலும் கிளம்புவதில்லை. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனால், "போர் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும்" என்ற பதில் கிடைப்பதும் உண்டு. செலவுக் கணக்கைக் கேட்டதும் சிலர் வந்த விலைக்குப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுகிறார்கள்.

இது அவசரப்பட்டுச் செய்யும் காரியம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிலையில் நிறுத்தப்பட்ட வண்டியின் போர், நின்ற இடத்திலேயே தேய்ந்துவிடாது. தேய்மானம் ஓட்டத்தால் வருவது. சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கித் துரு ஏறியிருந்தால் தவிர, நின்றதனால் கெடுவது பெரும்பாலும் பெட்ரோலும் அது போகும் வழியுமே.

கார்புரேட்டரின் அடியில் உள்ள மிதவைக் கிண்ணத்தில் எப்போதும் சிறிது பெட்ரோல் தேங்கி நிற்கும். வண்டி மாதக் கணக்கில் நிற்கும்போது இது ஆவியாகி, அடியில் பிசின் போன்ற பொருள் படிகிறது. டி.வி.எஸ். 50, எக்ஸ்.எல். சூப்பர் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்னும் மோசம். பெட்ரோலோடு கலந்த எண்ணெய் ஆவியாகாமல் அப்படியே தங்கிக் கெட்டியாகிவிடும். குறைந்த வேகத்துக்கான பைலட் ஜெட்டின் துவாரம் அரை மில்லிமீட்டர்கூட இராது. அதை அடைக்க ஒரு சொட்டுப் பிசின் போதும்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்துள்ளது. நாட்டில் பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலின் அளவு 2022-ல் 10 சதவீதத்தையும், 2025-ல் 20 சதவீதத்தையும் எட்டியது. கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து வருவது இது. விவசாயி விளைவித்ததே அவர் வண்டிக்குத் திரும்பி வருகிறது எனலாம். ஆனால் எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மழைக் காலத்தில் டேங்கில் தண்ணீர் மிகுந்தால், எத்தனால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். எண்ணெயோ மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடும். டூ ஸ்ட்ரோக் என்ஜின் அடியில் உள்ளதை உறிஞ்சினால் எண்ணெய் இல்லாமல் ஓடிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பழைய பெட்ரோலைக் கொண்டே வண்டியைக் கிளப்பிப் பார்க்கக் கூடாது என்பது இதனால்தான்.

டேங்கில் உள்ளதை வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கால் மணி நேரம் அசையாமல் வைத்தால், அடியில் தனிப் படலம் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். டேங்கை முழுவதும் வடித்துவிடுவதே நலம். வடித்ததை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ ஊற்றக் கூடாது. வாயால் உறிஞ்சி எடுப்பதும் ஆபத்து. பெட்ரோல் காக்கைக் கழற்றி அதன் வலையையும் பார்க்க வேண்டும். 'ரிசர்வ்' நிலையில் பெட்ரோல் டேங்கின் அடிமட்டத்திலிருந்து வருவதால், துருவும் தண்ணீரும் முதலில் அந்த வழியில்தான் இறங்கும்.

கிக்கரை உதைக்கும் முன்

பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துவாரத்தில் ஒரு சிறு கரண்டி என்ஜின் ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். நகரவில்லையானால் ஏறி மிதிக்காமல் ஒரு நாள் ஊற விடலாம். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியானால் ஆயில் அளவுக் குச்சியை எடுத்து முகர்ந்து பார்ப்பது அவசியம். பெட்ரோல் காக்கை மூடாமல் விட்டிருந்து, மிதவை ஊசியும் சரியாக அடைக்காவிட்டால், பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். அளவு கூடியிருந்தாலோ பெட்ரோல் வாடை வந்தாலோ, ஆயிலை மாற்றிய பிறகே கிளப்ப வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

பொறியைச் சோதிப்பது எளிது. கழற்றிய பிளக்கை அதன் கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதி என்ஜினைத் தொடும்படி வைத்து உதைத்தால் நீல நிறப் பொறி பளிச்சென்று வர வேண்டும். சிவந்த, மெலிந்த பொறி போதாது. பிளாட்டினம் பாயிண்ட் உள்ள பழைய புல்லட், ராஜ்தூத் வண்டிகளில் பாயிண்ட் முகத்தில் படலம் பிடித்திருக்கும். சுத்தமான தாளை இடையில் வைத்து இழுத்தால் போகும். இந்தச் சோதனையைப் பெட்ரோல் சிந்திய இடத்திலோ, வைக்கோல் போரின் பக்கத்திலோ செய்யவே கூடாது. பிளக் துவாரத்திலிருந்தும் பொறி தள்ளி இருக்கட்டும்.

கார்புரேட்டரைக் கழற்றுதல்

பொறி இருந்து, புதுப் பெட்ரோலும் இருந்து, கிளம்பவில்லையானால் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதுதான். வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வைத்துப் பிரித்தால் சிறு சாமான்கள் காணாமற் போகா. காற்றுத் திருகை வெளியே எடுக்கும் முன், அதை உள்ளே மெல்லத் திருகி எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து இரண்டு சுற்று இருக்கும். ஊசியின் தலையில் உள்ள கிளிப் எந்தக் காடியில் இருந்ததோ அதே காடியில்தான் திரும்ப மாட்ட வேண்டும்.

ஜெட்டுகளைக் கம்பியால் குத்துவது ஊருக்கு ஊர் நடக்கும் தவறு. பித்தளை மென்மையான உலோகம். கம்பி பட்டால் துவாரம் பெரிதாகிவிடும். பிறகு எத்தனை டியூனிங் செய்தாலும் பெட்ரோல் கூடுதலாகவே குடிக்கும். ஜெட்டைப் பெட்ரோலில் ஊற வைத்து, பஞ்சர் கடைக் காற்றைப் பாய்ச்சினால் போதும். பிடிவாதமாக அடைத்திருந்தால் மெல்லிய தூண்டில் நரம்பை விட்டு எடுக்கலாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது வட்டமான துவாரம் தெளிவாகத் தெரிய வேண்டும். ஜெட்டுகளோடு நின்றுவிடாமல், கார்புரேட்டர் உடலில் உள்ள எல்லாத் துவாரங்களிலும் காற்றை விட வேண்டும்.

மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் குலுங்கும் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் அது ஓட்டை. கனத்து மூழ்கி, பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். கெட்டித்த ரப்பர் வளையங்களையும், வெடித்துப்போன பெட்ரோல் டியூபையும் மாற்றிவிடுவது நல்லது. பழைய ரப்பர் எத்தனாலை நெடுநாள் தாங்காது.

காற்று வரும் வழியும் முக்கியம். கொட்டகையில் நின்ற வண்டியின் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கும். சைலன்சர் வாயைக் குளவி மண்ணால் அடைத்திருக்கும். இவற்றை எடுத்ததுமே கிளம்பிவிடும் வண்டிகள் உண்டு.

கிளம்பிய பிறகும் கோளாறு இருந்தால் அது தன் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சோக் இழுத்தால் மட்டும் ஓடி, விட்டால் அணைந்தால் பைலட் ஜெட் இன்னும் அடைப்பில் உள்ளது, அல்லது கார்புரேட்டரை என்ஜினுடன் இணைக்கும் ரப்பர் விரிந்து காற்று இழுக்கிறது. மெதுவாக ஓடி, முறுக்கினால் திணறினால் மெயின் ஜெட்டைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நின்று, சற்றுப் பொறுத்துத் தானே கிளம்பினால் டேங்க் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கலாம். மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று இழுக்கும் ஓசை வரும். டூ ஸ்ட்ரோக் வண்டி ஓடியும் இழுவை இல்லையென்றால் சைலன்சரில் கார்பன் சேர்ந்திருக்கும்.

பத்துக் கிலோமீட்டர் ஓட்டியபின் பிளக் முனை காப்பித் தூள் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்; வெளுத்திருந்தால் குறைவு. வெளுத்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டனுக்கே கேடு.

இத்தனைக்குப் பிறகும் கிக்கர் எதிர்ப்பின்றி இறங்கினால்தான் போர் பற்றிய சந்தேகம் நியாயமானது. பிளக் துவாரத்தில் ஒரு கரண்டி ஆயில் விட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டி உதைக்கும்போது எதிர்ப்புக் கூடினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் வால்வைப் பார்க்கச் சொல்லலாம். இதைச் சொல்லி வண்டியை விட்டால் பட்டறையில் தேவையற்ற வேலை சேராது.

2020 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலைப் பீய்ச்சும் மின்னணு முறை உள்ளது. அவற்றை வீட்டில் பிரிக்காமல் விடுவதே நலம்.

ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்று தெரிந்தால், பெட்ரோல் காக்கை மூடி, என்ஜின் தானே அணையும்வரை ஓட விட்டு, கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிட வேண்டும். சைலன்சர் வாயில் ஒரு துணிப் பந்தை அடைத்து, அதன் நினைவாக ஒரு கயிற்றைக் கைப்பிடியில் கட்டி வைக்கலாம்.