உங்களுக்குத் தெரியுமா? 11 கோடி டாலரை விட்டுக்கொடுத்தவர்

2024 ஜூலையில் நியூயார்க் நிக்ஸ் கூடைப்பந்து அணியின் ஜேலன் பிரன்சன் முன்னால் இரண்டு கணக்கு இருந்தது. அப்போதே ஒப்பந்தத்தை நீட்டித்தால் 4 ஆண்டுக்கு 15.65 கோடி டாலர். ஒரு வருஷம் பொறுத்தால் 5 ஆண்டுக்கு சுமார் 26.9 கோடி. அவர் பொறுக்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். '11 கோடியைத் தியாகம் செய்த மனிதர்' என்று அமெரிக்கா முழுக்கப் பேச்சு.

தியாகம்தான். ஆனால் 4 ஆண்டையும் 5 ஆண்டையும் ஒரே தராசில் வைத்தால் எடை தப்பும். அதே 4 ஆண்டுகளை மட்டும் எடுத்துக் கூட்டிப் பாருங்கள்: விட்டது ஏறக்குறைய 5 கோடி. அதோடு, 2028-ல் அவர் விரும்பினால் கடைசி ஆண்டை உதறிவிட்டுப் புதுப் பேரம் பேசலாம். அப்போது என்.பி.ஏ. லீக்கில் அவருக்குப் 10 ஆண்டு நிறைந்திருக்கும். 10 ஆண்டு ஆனவருக்கு மிகப் பெரிய சம்பளப் படி. தியாகி நன்றாகவே கணக்குப் போட்டிருக்கிறார்.

★

இதே பிரன்சன் அதற்கு முன் டாலஸ் மேவரிக்ஸில் இருந்தார். 2021-22 பருவத்தில் விதிப்படி டாலஸ் அவருக்கு நீட்டிப்பாகத் தந்திருக்கக்கூடிய அதிகபட்சமே 4 ஆண்டுக்கு 5.55 கோடிதான். காரியம் நடக்கவில்லை. 2022 கோடையில் அவர் 10.4 கோடிக்கு நிக்ஸுக்குப் போனார். பதிலுக்கு டாலஸுக்கு ஒரு வீரர்கூடக் கிடைக்கவில்லை. நீட்டிப்பைத் தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு.

★

என்.பி.ஏ. அணிகளின் சம்பள உச்சவரம்பு 1984-85-ல் அணிக்கு 36 லட்சம் டாலர். 2024-25-ல் 14.06 கோடி. இதைச் 'சாலரி கேப்' என்பார்கள். தொப்பி மாதிரியே வேண்டும்போது கழற்றியும் வைக்கலாம். ஐபிஎல் ஏலத்தில் பை காலியானால் கதை முடிந்தது. இங்கே அப்படியில்லை. சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம். பாஸ்டனின் லாரி பேர்ட் பெயரால் வழங்கும் சலுகை இது.

அந்தச் சலுகை எவ்வளவு தூரம் போகும்? 1997-98-ல் மைக்கேல் ஜோர்டனின் சம்பளம் 3.31 கோடி டாலர். அந்த ஆண்டு ஒரு முழு அணிக்கான வரம்பு 2.69 கோடி!

★

ஜோர்டனைப் போல இன்று வாங்க முடியாது. தனிநபர் உச்சம் வந்ததற்குக் காரணமானவர் கெவின் கார்னெட். 1997-ல் மினசோட்டா 10.35 கோடி தருவதாகச் சொன்னது. 21 வயதுப் பையன் வேண்டாம் என்றார். கடைசியில் 6 ஆண்டுக்கு 12.6 கோடி. முதலாளி அந்த அணியை வாங்கியதே 9 கோடிக்குக் குறைவாக! மற்ற முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. 1998 ஜூலையில் கதவடைப்பு. 82 ஆட்டப் பருவம் 50 ஆட்டமாகச் சுருங்கியது. அதன் பிறகுதான் அனுபவ ஆண்டுகளைப் பொறுத்து வரம்பில் 25, 30, 35 சதவீதம் என்று படிகள் வந்தன.

★

அதே மினசோட்டா, கார்னெட்டுக்குப் பக்கத்தில் ஜோ ஸ்மித்தை வைத்துக்கொள்ள ஒரு குறுக்குவழி பிடித்தது. இப்போதைக்குச் சொற்ப சம்பளம், பேர்ட் சலுகை கைக்கு வந்ததும் பெரிய தொகை என்று ரகசிய ஒப்பந்தம். 2000-ல் குட்டு வெளிப்பட்டது. 35 லட்சம் டாலர் அபராதம். புது வீரர்களை எடுக்கும் முதல் சுற்றுத் தேர்வு வாய்ப்புகள் ஐந்து பறிபோயின. இரண்டைப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள்.

★

2013 நவம்பர். குதிகால் தசைநார் அறுந்த கோபி பிரயன்ட் இன்னும் ஆடவே திரும்பவில்லை. அதற்குள் லேக்கர்ஸ் அவருக்கு 2 ஆண்டுக்கு 4.85 கோடி எழுதிக் கொடுத்தது. திரும்பி வந்தார், 6 ஆட்டம் ஆடினார், முழங்கால் எலும்பு முறிந்தது. ஒப்பந்தம் முடிந்த 2015-16-ல் அணி 17 ஆட்டம் வென்று 65-ல் தோற்றது. 'இறந்தகாலத்துக்குச் சம்பளம்' என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் 2016 ஏப்ரலில் தன் கடைசி ஆட்டத்தில் அவர் 60 புள்ளி குவித்தபோது அரங்கில் இருந்த யாரும் காசைத் திருப்பிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

★

குறைத்து வாங்கினால் அணி ஜெயிக்குமா? சான் அன்டோனியோவின் டிம் டங்கன் 2012-ல் 3 ஆண்டுக்கு 3 கோடிக்கு இறங்கிவந்தார். 2014-ல் கோப்பை. அதே 2014-ல் டாலஸின் டிர்க் நோவிட்ஸ்கி, வெளியே 9.7 கோடி காத்திருக்க, 2.5 கோடிக்குச் சம்மதித்தார். அந்த மிச்சத்தில் டாலஸ் சாண்ட்லர் பார்சன்ஸை 4.6 கோடிக்கு வாங்கியது. கோப்பை வரவில்லை. விட்டுக்கொடுப்பது ஆட்டக்காரர் கையில். மிச்சம் பிடித்ததை எங்கே செலவழிப்பது என்பது நிர்வாகத்தின் கையில். என்னைக் கேட்டால் பாதித் தியாகங்கள் வீணாவது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

★

2012-ல் கணுக்கால் அடிக்கடி மடங்கும் ஸ்டீபன் கரியை நம்பி யார் பணம் போடுவது என்ற தயக்கம் இருந்தது. 4 ஆண்டுக்கு 4.4 கோடியில் முடிந்தது. பிறகு அவர் இரண்டு முறை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 2016-ல் தொலைக்காட்சிப் பணம் கொட்ட, வரம்பு 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியது. கரியின் சம்பளம் 1.21 கோடியிலேயே நின்றது. அந்த இடைவெளியில்தான் கெவின் டுரான்ட் கரியின் அணிக்குள் வந்தார். 2017, 2018 இரண்டிலும் கோப்பை. அந்த முதல் கோப்பை ஆண்டில், தன் சொந்த அணியிலேயே கரி நான்காவது சம்பளக்காரர்!

★

இப்போது அணிகள் பயப்படுவது உச்சவரம்புக்கு அல்ல, அதற்கு மேலே 2023-ல் போட்ட 'இரண்டாம் ஏப்ரன்' என்ற கோட்டுக்கு. 2024-25-ல் அது 18.89 கோடி. அதைத் தாண்டிய அணி இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை மாற்றிக்கொள்ள முடியாது, மாற்றத்தில் ரொக்கம் தர முடியாது, ஏழு ஆண்டு தள்ளி வரும் முதல் சுற்றுத் தேர்வையும் கைமாற்ற முடியாது. 2024-ல் கோப்பை வென்ற பாஸ்டன், 2025 கோடையில் ஜ்ரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸையும் அனுப்பியதற்குக் காரணம் இந்தக் கோடுதான். பிரன்சன் நிக்ஸுக்கு வாங்கிக் கொடுத்ததும் பெரிய காலி இடமல்ல, இந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் தூரம்.

★

2022-ல் வாஷிங்டன் பிராட்லி பீலுக்கு 5 ஆண்டுக்கு 25.1 கோடி எழுதியது. கூடவே, அவர் சம்மதமில்லாமல் வேறு அணிக்கு மாற்ற முடியாது என்ற சலுகையும். 2023-ல் அவர் ஃபீனிக்ஸுக்குப் போனார், சலுகையும் கூடவே போனது. விற்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல், 2025 ஜூலையில் ஃபீனிக்ஸ் அவரைக் கழற்றிவிட்டு மீதித் தொகையை ஐந்து ஆண்டுக்குப் பிரித்துப் போட்டது. பீல் கிளிப்பர்ஸில் சேர்ந்துவிட்டார். ஃபீனிக்ஸின் கணக்கில் 2029-30 வரை, ஆண்டுக்கு சுமார் 1.94 கோடி டாலர் அவர் பெயரில் ஏறிக்கொண்டிருக்கும்.