கொரில்லா ட்ரெக்கிங்: டிக்கெட்டுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது

உகாண்டாவுக்கோ ருவாண்டாவுக்கோ கொரில்லா பார்க்கப் போறதுன்னா, எல்லாரும் நம்ம பாதுகாப்பைத்தான் கேட்பாங்க. நான் கேட்கிறது கொரில்லாவோட பாதுகாப்பைப் பத்தி.

மலை கொரில்லாக்கள் உலகத்துலயே ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கு. மிருகக்காட்சி சாலைகள்லயும் கிடையாது. என் பாஷையில சொன்னா, இந்த இனத்துக்கு பேக்கப் இல்ல.

மனுஷனோட சளி, இருமல் அதுக்கும் தொத்தும். நமக்கு நாலு நாள் ஜலதோஷம், அதுக்கு உயிரே போகலாம். 2021 ஜனவரியில அமெரிக்காவுல சான் டியகோ சஃபாரி பூங்கா கொரில்லாக்களுக்குக் கொரோனா உறுதியாச்சு. அதே வருஷம் ஜூன்ல நம்ம வண்டலூர்ல நீலாங்கிற பெண் சிங்கம் இறந்துச்சு. அதுக்கப்புறம் முதுமலை முகாம்ல 28 யானைகளுக்கும் பரிசோதனை பண்ணாங்க.

அதனாலதான் விதிகள் இறுகுச்சு. ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு 8 பேர், 1 மணி நேரம். 7 மீட்டர் இடைவெளி 10 ஆச்சு. மாஸ்க் கட்டாயம். 2020-ல நம்ம பனியன் கம்பெனிகள் மாஸ்க் தைச்சுது; இங்க மாஸ்க் இன்னொரு உயிரைக் காப்பாத்துது.

திட்டம் போடும்போது இதை மறக்காதீங்க: ருவாண்டாவுல பெர்மிட் மட்டும் 1,500 டாலர். அவ்வளவு கட்டினவங்களுக்கு, அன்னைக்குக் காலையில இருமல் வந்தா மறைக்கத்தான் தோணும். அதனால தேதி மாத்த வழி இருக்கான்னு கேட்டுட்டுப் பணம் கட்டுங்க. இருமல் இருந்தா மலை ஏறாதீங்க.