பெட்டியை நாம் விற்கிறோம், மட்டம் பார்ப்பது யார்?

தளபாடக் கடையும் ஹார்ட்வெயார் கடையும் வைத்திருக்கும் எமது சகோதரர்கள் பலர் இப்போது கழற்றிய நிலையில் வரும் பென்ட்ரி அலுமாரிகளையும் விற்கிறார்கள. பலகைகள், ஸ்குரூ பக்கெட், ஒரு படத்தாள், எல்லாம் ஒரே அட்டைப் பெட்டிக்குள் இருக்கும். வாங்குபவர் வீட்டுக்குக் கொண்டு போய்ப் பூட்டிக் கொள்ள வேண்டியது தான். நல்ல வியாபாரம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஐலன்ட் என்று சொல்லப்படும், சமையலறையின் நடுவில் தனித்து நிற்கும் மேடைக்காக இந்தப் பெட்டிகளை விற்கும் போது பலர் கையைச் சுட்டுக் கொள்கிறார்கள். நானும் சுட்டுக் கொண்டவன் என்பதால் தான் இந்த வாரம் அதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் லாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 60 சென்றிமீற்றர் அகலம், 56 ஆழம், 72 உயரமுள்ள அலுமாரியைப் பூட்டிய நிலையில் அனுப்பினால் ஏறத்தாழ கால் கன மீற்றர் இடம் பிடிக்கும். பலகைகளாக அடுக்கினால் அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். 20 அடிக் கொள்கலன் ஒன்றின் உள்ளளவே ஏறத்தாழ 33 கன மீற்றர் தான். கப்பல் கூலி, லொறிக் கூலி, ஸ்டோர் வாடகை எல்லாவற்றிலும் இதே கணக்கு. சுவீடனின் ஐக்கியா கம்பனி 1956இல் மேசையின் கால்களைக் கழற்றித் தட்டையாகக் கட்டத் தொடங்கியதும் இதற்காகத் தான். ஆனால் இந்த லாபம் சும்மா வரவில்லை. தொழிற்சாலையில் ஒருவர் செய்ய வேண்டிய வேலையை வாடிக்கையாளரின் தலையில் வைத்ததால் வந்தது.

சில வருடங்களுக்கு முன்பு ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் மூன்று பெட்டிகள் வாங்கினார். தெரிந்த பாஸ் ஒருவரைப் பிடித்துப் பூட்டி, மேலே கிரனைட்டும் போட்டு விட்டார். ஐந்து மாதத்தில் தொலைபேசி வந்தது. லாச்சிகள் தாமாகத் திறக்கின்றன, கதவுகள் உரசுகின்றன, சிங்குக்காக வெட்டிய மூலையிலிருந்து கல்லில் வெடிப்பு ஓடுகிறது, “உங்கட சாமான் சரியில்லை” என்றார். நான் முதலில் செய்தது வாதாடியது. பிறகு ரசமட்டத்தை எடுத்துக் கொண்டு போய்ப் பார்த்தேன். பெட்டியில் குறை இல்லை. தரை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 14 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. பதிந்த பக்கத்துக்குப் பலகைத் துண்டும் மடித்த அட்டையும் வைத்துச் சமப்படுத்தியிருந்தார்கள். எங்கள் வீடுகளில் குசினியைத் தண்ணீர் ஊற்றித் தானே கழுவுவார்கள்? அட்டை ஊறிச் சப்பளிந்தது, அந்த மூலை இறங்கியது, கல்லுக்கு அடியில் தாங்கல் இல்லாமல் போனது.

விற்கும் போது தரையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தாளில் இருந்ததோ ஆங்கிலமும் சீனமும். கல்லின் செலவில் பாதியை ஏற்றுக் கொண்டேன். மூன்று பெட்டிகளில் கிடைத்த லாபம் அதோடு முடிந்தது.

சுவரோரம் நிற்கும் அலுமாரியைச் சுவரே பிடித்துக் கொள்ளும். நடுவில் நிற்பதற்கு அந்தத் துணை கிடையாது, முழுப் பாரமும் தரையோடு தான். 6 அடிக்கு 3 அடி அளவில் 20 மில்லிமீற்றர் கிரனைட் போட்டால் கல் மட்டும் ஏறத்தாழ 90 கிலோ வரும். பழைய வீடுகளில் கழுவிய தண்ணீர் ஓட வேண்டும் என்பதற்காகவே தரையைச் சரித்துப் போட்டிருப்பார்கள். நூறுக்கு ஒன்று என்ற சாதாரண சரிவு கூட 6 அடித் தூரத்தில் 18 மில்லிமீற்றர். கண்ணுக்குத் தெரியாது, லாச்சிக்குத் தெரியும்.

ஆகவே வேலையைத் தரையிலிருந்து தொடங்க வேண்டும். மேடை வரும் இடத்தை டேப் ஒட்டிக் குறித்து, வீட்டார் இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பார்க்கட்டும். சுற்றிலும் 42 அங்குலம் இருந்தால் வசதி, 36க்குக் கீழே போனால் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தவுடன் வழி அடைபடும். பிறகு அந்தக் கோட்டுக்குள் நீளமான அலுமினியப் பட்டையை வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வைத்து, தரையின் மிக உயர்ந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடம் தான் ஆரம்பம். தாழ்ந்த பக்கத்தை உயர்த்தலாம், உயர்ந்த பக்கத்தைத் தாழ்த்த முடியாது. தாழ்ந்த மூலையில் தொடங்கிய வேலையைக் கடைசியில் முழுவதும் கழற்ற வேண்டி வரும்.

ரசமட்டத்தையும் நம்பி விட வேண்டாம். ஓரிடத்தில் வைத்துக் குமிழைப் பாருங்கள். அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழ் வேறு இடத்தில் நின்றால் அந்த மட்டம் பொய் சொல்கிறது. தராசைச் சரி பார்க்கும் வியாபாரிகள் இதை ஏன் பார்ப்பதில்லையோ தெரியாது. மேசன்மார் பாவிக்கும் தண்ணீர் டியூப் பழைய முறை தான், ஆனால் உள்ளே காற்றுக் குமிழ் இல்லாவிட்டால் அது பிழைக்காது.

பெட்டி பூட்டுவதில் அதிகம் சொல்ல இல்லை. பின் பலகையை அடிக்கு முன் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் தான் பெட்டி சதுரம். சிப்போர்டில் ஸ்குரூவை மெஷினால் இறுக்கினால் புரி தேய்ந்து விடும், கடைசிச் சுற்றைக் கையால் திருகுங்கள்.

அடித்தளம் தான் முக்கியம். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் கால்கள் சுவரோரத்துக்குப் போதும். நடு மேடைக்கு நான் அவற்றை நம்புவதில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீடானால் 4 அங்குல உயரத்தில் கொங்கிரீட் படி போட்டு, அதன் மேற்பரப்பையே மட்டமாக்கி விடுவது நல்லது. முன்பக்கம் கால் விரல் நுழைய 3 அங்குலம் உள்ளே தள்ளிப் போட வேண்டும். இல்லாவிட்டால் மரச் சட்டகம் செய்து, பிளாஸ்டிக் ஆப்பு வைத்து மட்டமாக்கி, எல் வடிவ இரும்பால் தரையோடு பிடிக்கலாம். அட்டையும் பலகைத் துண்டும் வேண்டவே வேண்டாம். டைல்ஸில் துளையிடுமுன் தண்ணீர்க் குழாயும் வயர் குழாயும் எந்த வழியாகப் போகின்றன என்று வீட்டுக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும். டைல்ஸ் முழுவதும் துளைபடும் வரை ட்ரில்லரைச் சுத்தியல் முறையில் போடக் கூடாது.

பெட்டிகளை ஏற்றிய பின் முன் விளிம்புகளை ஒரே கோட்டில் கிளாம்ப் போட்டுப் பிடித்து, ஒன்றோடொன்று ஸ்குரூ அடித்து, பிறகு அடித்தளத்தோடு பிடிக்க வேண்டும். அதன் பின் நீளம், அகலம், மூலைக்கு மூலை என்று மீண்டும் மட்டம் பார்க்க வேண்டும். கல்லுக்கு அளவெடுப்பவரை இதற்குப் பிறகு தான் அழைக்க வேண்டும். பெட்டி வருவதற்கு முன்பே கல்லை வெட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது! உட்கார்ந்து சாப்பிட 20 மில்லிமீற்றர் கல்லை 6 அங்குலத்துக்கு மேல் வெளியே நீட்டுவதானால் அடியில் இரும்புத் தாங்கி தேவை.

அந்த ஆசிரியையின் சம்பவத்துக்குப் பிறகு நான் கொட்டேஷனை மாற்றிக் கொண்டேன். பெட்டியின் விலை ஒரு வரி, தரை பார்த்து மட்டம் செய்யும் கூலி இன்னொரு வரி. கூலி வேண்டாம் என்பவருக்கு, தரையின் மட்டத்துக்கு நாம் பொறுப்பல்ல என்பதைப் பற்றுச்சீட்டில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, வாயாலும் சொல்லிக் கையொப்பம் எடுக்கிறோம். அப்படிச் சொன்னவுடன் பலர் கூலியையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். பெட்டி ஏற்றுமுன் ஒரு ஆள் அரை நாள் போய்த் தரையைப் பார்த்து வருவார், கையில் ரசமட்டமும் ஒரு பை பிளாஸ்டிக் ஆப்பும் இருக்கும். இரண்டாவது தடவை அந்த வீட்டுக்கு லொறி அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையே அல்ல.