ஜே. சி. குமரப்பா: கணக்கேட்டிலிருந்து அரசியலுக்கு

இந்தியத் தேசியப் பொருளாதாரச் சிந்தனையின் வரலாற்றை ஆராய்வோர் தாதாபாய் நௌரோஜி, ரொமேஷ் சந்திர தத்தர் ஆகியோரை முதன்மைப்படுத்துவது வழக்கம். அவர்கள் தொடக்கிவைத்த ஏகாதிபத்தியச் சுரண்டல் பற்றிய விசாரணையைத் தொழில்முறைக் கணக்காளருக்குரிய நுண்மையுடன் முன்னெடுத்தவர் ஜே. சி. குமரப்பா. காந்தியவாதி என்ற அடைமொழிக்குள் அவரை அடக்கிவிடுவோர் இப்பங்களிப்பைக் காணத் தவறுகின்றனர்.

1892 இல் தஞ்சாவூரிற் கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்த ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ், குமரப்பா என்னும் குடும்பப் பெயரைப் பின்னரே மீட்டுக்கொண்டார். இலண்டனிற் கணக்கியல் பயின்று, பம்பாயிற் கணக்காய்வுத் தொழில் நடத்திய அவர், அக்காலத்தில் ஆங்கில நடையுடை பாவனைகளில் ஊறிய நடுத்தர வர்க்கத்தவராகவே வாழ்ந்தார். 1927 இல் ஐக்கிய அமெரிக்கா சென்று, கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் செலிக்மனிடம் பொதுநிதியியல் பயின்றபோது, இந்திய வறுமைக்கும் பிரித்தானிய அரசின் வரி, செலவுக் கொள்கைகளுக்கும் உள்ள தொடர்பைத் தமது ஆய்வுப் பொருளாக்கினார். 1929 இல் காந்தியைச் சந்தித்தபின் அவ்வாய்வு ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வெளிவந்தது. உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தி சிறைப்படவே, அவ்விதழை நடத்தும் பொறுப்பையும் குமரப்பா ஏற்றார். அவ்வெழுத்துக்களின் பயனாக 1931 இல் அவரும் சிறை சென்றார்.

ஒரு செலவு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது, அதன் பயன் யாரைச் சேர்கிறது என்பது கணக்காய்வின் அடிப்படை வினாவாகும். குமரப்பா அதனை அரசியல் வினாவாக மாற்றினார். இந்தியாவின் பொதுக்கடன் பற்றி ஆராயக் காங்கிரஸ் 1931 இல் அமைத்த நால்வர் குழுவில் அவர் அமைப்பாளராகப் பணியாற்றினார். கிழக்கிந்தியக் கம்பனியின் புறநாட்டுப் போர்கள், 1857 எழுச்சியை அடக்கிய செலவு, முதலாம் உலகப் போருக்கு இந்தியா வழங்கியதாகக் கூறப்பட்ட 10 கோடிப் பவுண் ‘நன்கொடை’ முதலியன இந்திய மக்களின் கடனாகா என்பது அக்குழுவின் வாதம். கம்பனியின் வரலாறே இதற்குத் தக்க சான்று. 1833 ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் பங்குதாரருக்குரிய 10½ வீத இலாபப்பங்கு இந்திய வருவாயிலிருந்தே வழங்கப்பட்டது. 1874 இல் 60 இலட்சம் பவுண் பங்குமூலதனம் இருமடங்கு விலைக்கு மீட்கப்பட்டபோதும் சுமை இந்தியாவையே சார்ந்தது. தம்மை ஆண்ட கம்பனியை வாங்குவதற்கான விலையையும் ஆளப்பட்டோரே செலுத்தினர்.

குஜராத்தின் மாதர் வட்டத்தில் 54 கிராமங்களில் மாணவருடன் அவர் நடத்திய ஆய்வு, இதே முறையை உழவரின் வாழ்வுக்குப் பிரயோகித்தது. 1934 இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை வழிநடத்தியதும், ‘கிராம உத்யோக் பத்திரிகா’ இதழில் எழுதியதும் இதன் தொடர்ச்சியே.

இவ்விடத்தில் அவரது சிந்தனையின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். சுரண்டலின் வேரை அவர் உற்பத்தியின் மையப்படுத்தலிற் கண்டார். உற்பத்திச் சாதனங்களின் உடைமையை அதே அழுத்தத்துடன் நோக்கினார் அல்லர். கிராமத்தை ஓர் அலகாகக் கொள்ளும்போது, அதனுள்ளே நிலமுடையோனுக்கும் கூலியாளுக்கும் இடையிலான முரண்பாடு பின்தள்ளப்படுகிறது. சாதி அம்முரண்பாட்டை மேலும் இறுக்குகிறது.

ஆயினும், அவரது தலைமையில் இயங்கிய காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழு 1949 இல் அளித்த அறிக்கை வேறொரு குமரப்பாவைக் காட்டுகிறது. உழுபவனுக்கும் அரசுக்கும் இடைப்பட்டோரை ஒழித்தல், பொருளாதார அலகுநிலத்தின் மும்மடங்கை உச்சவரம்பாக்குதல், சிறு நிலங்களைக் கூட்டுறவுப் பயிர்ச்செய்கைக்கு உட்படுத்துதல் என்பன அதன் பரிந்துரைகள். நிலத்தின் வரவு செலவை நேர்மையாக எழுத முற்பட்டபோது, வர்க்க உறவுகளை அவரால் தவிர்க்க இயலவில்லை. 1951 இல் சீனா சென்று, அங்குக் கண்டவற்றை அவர் நூலாக எழுதியதும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது.

பெரும்பாலான மாநிலங்களில் உச்சவரம்புச் சட்டங்கள் 1960 ஐ அண்டியே இயற்றப்பட்டன. அவையும் விதிவிலக்குகளால் நலிவுற்றன. குமரப்பாவோ மதுரைக்கு அண்மையிலுள்ள தே. கல்லுப்பட்டியில் இறுதிக் காலத்தைக் கழித்து, 1960 ஜனவரி 30 இற் காலமானார். அவருக்கு அஞ்சலி செலுத்திய ஆளும் வர்க்கம் அவரது எளிமையைப் போற்றியது, அறிக்கையை ஒதுக்கியது. எனவே, குமரப்பாவை மீள்வாசிப்புச் செய்வோர் அவ்வறிக்கையிலிருந்து தொடங்குதலே பொருத்தமாகும்.