லாரி வாடகையும் நமது கடமையும்

குமாரபாளையத்து ஜவுளிக் கட்டும், ராசிபுரம் பகுதியின் ஜவ்வரிசி மூட்டையும், நாமக்கல் முட்டையும் வெளியூர்ச் சந்தைகளை அடைவது பெரும்பாலும் லாரிகளினாலேயே. வாடகை உயர்ந்தால் நாம் வருந்துகிறோம், தாழ்ந்தால் மகிழ்கிறோம். ஆனால் ஒரே லாரியை வைத்துக்கொண்டு தாமே ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த வாடகை கட்டுபடியாகிறதா என்று நாம் விசாரிப்பதில்லை. அதனை இங்கு சிறிது ஆராய்வோம்.

நாமக்கல் 1997-ல் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. சிறிய நகரமேயாயினும், லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகளாலும், சமையல் எரிவாயு டாங்கர் லாரிகளாலும் தேசமெங்கும் பெயர் பெற்றது. பல வண்டிகள் வைத்திருப்போர் ஒருபுறமிருக்க, தவணைக் கடனில் ஒரு வண்டி வாங்கியோரும் அங்கு உளர். இவர்களைப் பற்றியே நமது கவலை.

உதாரணமாக ஒரு கணக்குப் போடுவோம். 1,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்குப் பாரத்துடன் செல்லும் லாரி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுமானால் 250 லிட்டர் டீசல் வேண்டும். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் காலியாகத் திரும்பினால், லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று கொண்டாலும் மேலும் 200 லிட்டர் ஆகும். ஆக, போகும் வழி வாடகையே 450 லிட்டரின் செலவைத் தாங்க வேண்டும். சுங்கச்சாவடிக் கட்டணம், கிளீனர் படி, புக்கிங் ஆபீஸ் தரகு, டயர் தேய்மானம் ஆகியவை தனி. இன்ஷூரன்ஸும் கடன் தவணையுமோ வண்டி நின்றாலும் நிற்பதில்லை.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2017 ஜூன் முதல் விலையை நாள்தோறும் மாற்றும் முறை வந்தது. பேசி முடித்த வாடகையோ மாறுவதில்லை. 2018 ஜூலையில் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. இது ஆதாயமாகத் தோன்றினும், சரக்கு பெருகாமல் வண்டிகளின் கொள்ளளவு மட்டும் பெருகினால் டன் வாடகை இறங்குவது இயல்பே. அதே மாதம் தேசமெங்கும் நடந்த லாரி வேலைநிறுத்தத்தில் டீசல் விலை, சுங்கக் கட்டணம், மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஆகியவையே முக்கியக் குறைகளாகக் கூறப்பட்டன.

இக்குறைகளை நீக்குவது நம் கையில் இல்லை. ஆயினும் நம் கையில் உள்ளவையும் சில உண்டு. 2017-ல் ஜி.எஸ்.டி. அமலானபின் மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அங்கே மிச்சமான நேரம் நமது கிடங்கு வாசலில் வீணாகலாமா? சரக்கைக் கட்டி, பில் எழுதி, ஆட்களையும் ஏற்பாடு செய்த பின்னரே லாரியை வரவழைக்க வேண்டும். சங்கங்களின் புத்தகங்களைப் பரிசீலிக்கையில், வாடகை பாக்கி என்ற தலைப்பில் மாதக்கணக்காக நிற்கும் தொகைகளை நாம் கண்டதுண்டு. சங்கத்துக்கு அது சிறு தொகை. ஒற்றை லாரிக்காரருக்கு அது ஒரு மாதத் தவணை. சரக்கு சேர்ந்த ரசீது வந்தவுடன் அதனைத் தீர்ப்பதே முறை.

மேலும், நூல் கொண்டு வரும் லாரியே ஜவுளி ஏற்றித் திரும்புமாறு அண்டைச் சங்கங்கள் கலந்து பேசலாம். ஆண்டு ஒப்பந்தம் எழுதும்போது, டீசல் விலைக்கேற்ப வாடகை கூடவும் குறையவும் ஒரு ஷரத்துச் சேர்க்கலாம்.

இதைத் தருமமென்று கருத வேண்டுவதில்லை. கட்டாத வாடகைக்கு ஓடுபவர் அதிக பாரம் ஏற்றுவார், உறக்கமின்றி ஓட்டுவார், தேய்ந்த டயரை மாற்றார். அவர் உயிரோடு நமது சரக்கும் ஆபத்துக்குள்ளாகும். தவணை தவறி வண்டி பறிபோனால் அக்குடும்பத்தின் கதி என்ன? அத்தகையோர் தொழிலை விட்டகலின், எஞ்சிய சிலர் சொல்வதே வாடகையாகும். அப்பொழுது நெசவாளரும் விவசாயியும் யாரிடம் முறையிடுவது?

ஆகவே, வாடகை பாக்கி எவ்வளவு, லாரிகள் காத்து நின்ற நேரம் எவ்வளவு என்னும் இரண்டு கணக்குகளை அடுத்த மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் கேட்டறிவார்களாக.